தோற்ற மேட்ச்சை முதலில் போடு

2026 ஏப்ரல் 23, வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு பிட்ஸ்பர்க்கில் என்எஃப்எல் டிராஃப்ட் ஆரம்பம், அதாவது அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாள். நமக்கு வெள்ளிக்கிழமை விடிகாலை 5:30. முதல் பெயரைச் சொல்லும் உரிமை லாஸ் வேகஸ் ரைடர்ஸுக்கு. போன சீசனில் 17 மேட்ச் ஆடி மூன்றில்தான் ஜெயித்தார்கள், அதனால் வரிசையில் முதல் ஆள். இதற்கு முன் அவர்களுக்கு இந்த முதல் இடம் வந்தது 2007-இல். அப்போது எல்எஸ்யு பல்கலைக்கழகத்தின் ஜமார்கஸ் ரஸ்ஸல் என்ற க்வார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவரை, எடுத்தார்கள். அவர் தோளில் இருந்த வலுவைப் பார்த்து வாய் பிளக்காத ஆள் கிடையாது. 2009 சீசனோடு அவருடைய என்எஃப்எல் வாழ்க்கை முடிந்துபோனது. இப்போது மறுபடியும் அதே அணி, அதே முதல் இடம், அதே தேவை.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு இரண்டு வரி. ஏலத்தில் பை கனமாக இருப்பவர் தூக்கிக்கொண்டு போவார். டிராஃப்டில் பணம் பேசாது. 32 அணிகள், ஏழு சுற்றுகள், போன வருஷம் கடைசியில் நின்றவருக்கு முதல் வாய்ப்பு. எத்தனையாவதாகப் போகிறார் என்பதை வைத்தே சம்பளமும் ஏறக்குறைய முடிவாகிவிடும். அதனால் சண்டையெல்லாம் ஒரே கேள்வியில்தான்: கல்லூரி அணியில் கலக்கியவர் இங்கேயும் கலக்குவாரா? க்வார்ட்டர்பேக் விஷயத்தில் இந்தக் கேள்விக்கு, கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் நிபுணர்களே தடுமாறுகிறார்கள். 2018-இல் ஜோஷ் ரோசன் பத்தாவதாகப் போனார், லமார் ஜாக்சன் முதல் சுற்றின் கடைசி ஆளாக 32-ஆவது. ரோசனை அரிசோனா ஒரே வருஷத்தில் கைகழுவியது. லமார் இதுவரை இரண்டு தடவை எம்விபி, அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர்.

நான் பெருங்குடியில் மெடிக்கல் கோடிங் பார்க்கிறேன். சாயங்காலம் ஷிஃப்டுக்குப் போனால் பின்னிரவு மூன்று மணிக்கு கேப் வீட்டு வாசலில் விடும். அமெரிக்க நேரத்தில் வாழ்பவர்களுக்கு இந்த ஆட்டம் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. திங்கட்கிழமை ஆனால் க்ளையண்ட் பக்கத்து ஆட்கள் இதைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டார்கள். கல்லூரி மேட்ச் எல்லாம் அவர்களுடைய சனிக்கிழமை, அதாவது எனக்கு லீவு ராத்திரி. பகல் 12 மணி ஆட்டம் நமக்கு இரவு ஒன்பதரை, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு பத்தரை. ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில் அம்மா தூங்கிய பிறகு, ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பழகியதுதான் என் படிப்பு. இதற்கு எந்தச் சான்றிதழும் என்னிடம் இல்லை. ஆனால் நான் மேட்ச் முழுசாகப் பார்க்கிறேன், ஹைலைட்ஸ் பார்ப்பதில்லை.

அதுதான் நான் முதலில் சொல்ல வேண்டியது. ஒரு பையன் எப்படி என்று தெரிய வேண்டுமானால் அவன் தோற்ற மேட்ச்சை முதலில் போடுங்கள். சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் அம்மா மீனைத் திருப்பிப் போட்டு செவுளைத் தூக்கிப் பார்ப்பார், பளபளப்பை ஏறிட்டே பார்க்க மாட்டார். கல்லூரி ஃபுட்பாலில் பளபளப்புக்குப் பஞ்சமே இல்லை. பெரிய பல்கலைக்கழக அணிகள் சீசன் ஆரம்பத்தில் சின்னச் சின்ன அணிகளை அழைத்துவந்து ஐம்பது, அறுபது பாயின்ட் அடிக்கும். அந்த மேட்ச்சில் க்வார்ட்டர்பேக்கின் சட்டையில் மண்கூட ஒட்டாது. நாலு செகண்டு நின்று, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவருக்கு, அவர் பக்கத்தில் எதிரணி ஆளே இல்லாதபோது, எறிவார். என்எஃப்எல்லில் அந்த நாலு செகண்டு கிடைக்காது. இரண்டரை செகண்டுக்குள் முடிவெடுத்தாக வேண்டும், எதிரே பாய்ந்து வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் கல்லூரியின் தலைசிறந்த ஆட்கள். ஆகவே ஒரு பையன் கல்லூரியில் ஆடிய சில நூறு பந்துகளில், என்எஃப்எல் மாதிரி நெருக்கடி இருந்த பந்துகள் கொஞ்சம்தான். அவற்றைத் தேடித்தான் போக வேண்டும். அவை பெரும்பாலும் தோற்ற மேட்ச்சிலும், தோற்கவிருந்து தப்பித்த மேட்ச்சிலும்தான் கிடக்கும்.

நமக்கு டிவி கேமரா கோணம்தான் கிடைக்கும். பந்து கிளம்பிய அடுத்த செகண்டே ரிசீவர்கள் திரையைவிட்டு வெளியே ஓடிவிடுவார்கள். 22 பேரும் தெரிகிற மேல்கோண வீடியோ பயிற்சியாளர்களின் கையில் இருக்கும். முன்பெல்லாம் இதற்காக வருத்தப்பட்டிருக்கிறேன். இப்போது அதுவே வசதியாக இருக்கிறது, ஏனென்றால் திரையில் மிச்சம் இருப்பது க்வார்ட்டர்பேக்கின் காலும் தலையும்.

வலதுகைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் தள்ளி நின்று பந்தை வாங்குகிறார். மூன்று தப்படி பின்வாங்குகிறார். அவருடைய இடது பாதம் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் அவர் எறிய நினைத்த முதல் ஆள். அந்த ஆளை டிஃபன்ஸ் மூடிவிட்டது. இப்போதுதான் பார்க்க வேண்டும். நல்ல க்வார்ட்டர்பேக்குக்குக் கண் அடுத்த ஆளிடம் போகும்போது இடது பாதமும் கூடவே திரும்பும், சின்னதாக ஒரு துள்ளல், அவ்வளவுதான், உடனே எறியத் தயார். தடுமாறுகிறவருக்குக் கண் மட்டும் போகும், பாதம் பழைய இடத்திலேயே ஆணி அடித்த மாதிரி நிற்கும், பந்து ரிசீவருக்கு ஒரு முழம் பின்னால் போய் விழும். இன்னும் மோசமான ஒன்று உண்டு. பாய்ந்து வருகிறவரைப் பார்ப்பதற்காகக் கண் கீழே இறங்குவது. தொலைவில் இருக்கும் ரிசீவர்களைப் பார்க்க வேண்டிய கண், நாலடி தூரத்தில் வரும் ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் அந்த முறை இனி பாஸ் கிடையாது, ஓட்டம்தான். ஒரு மேட்ச்சில் இரண்டு தடவை நடந்தால் சகஜம். இரண்டாவது பாதி முழுக்க நடந்தால் அந்தப் பையனை நான் முதல் சுற்றில் தொட மாட்டேன்.

இது முடிந்து போகும் இடம் சாக். பந்தைக் கையில் வைத்துக்கொண்டே க்வார்ட்டர்பேக் மண்ணைக் கவ்வுவதற்குப் பெயர் அது. சாக் விழுந்தால் எல்லோரும் முன்னால் நிற்கும் ஐந்து காவல்காரர்களைத்தான் திட்டுவார்கள். பெரும்பங்கு க்வார்ட்டர்பேக்கின் சொத்து என்பது என் கட்சி, கல்லூரியிலிருந்து அப்படியே கூடவே வரும் சொத்து. 2024 டிராஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 12 இடங்களுக்குள் ஆறு க்வார்ட்டர்பேக் போனார்கள். முதலாவது யுஎஸ்சியின் கேலப் வில்லியம்ஸ், 12-ஆவது ஆரெகனின் போ நிக்ஸ். வில்லியம்ஸ் கல்லூரியில் பந்தை வைத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடி மாயம் காட்டுகிறவர். நிக்ஸ் வாங்கியதும் எறிந்துவிடுவார். 2023 சீசன் முழுக்க, 14 மேட்ச்சில், ஐந்தே ஐந்து சாக். அவர் எறிவதில் பாதி பக்கவாட்டில் போகும் குட்டி பாஸ்தான் என்று விமர்சகர்கள் மூக்கைச் சுளித்தார்கள். முதல் என்எஃப்எல் சீசனில் என்ன நடந்தது? நிக்ஸ் 24 தடவை விழுந்தார், அவரை எடுத்த டென்வர் ப்ளேஆஃப் போனது. சிகாகோவுக்குப் போன வில்லியம்ஸ் 68 தடவை விழுந்தார். டென்வரின் காவல் வரிசை சிகாகோவைவிட நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 24-க்கும் 68-க்கும் இடையில் இருக்கும் தூரத்தை ஐந்து காவல்காரர்கள் மட்டும் நிரப்ப முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். 2025-இல் பென் ஜான்சன் சிகாகோவின் பயிற்சியாளராக வந்தார். வில்லியம்ஸின் சாக் எண்ணிக்கை அதே சீசனில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே கால், அதே கண். சொல்லிக் கொடுக்கிறவர் மாறினார், முன்னால் நிற்கிறவர்களும் மாறினார்கள். ஆகவே, "இவன் பந்தை வைத்துக்கொண்டே இருப்பான்" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடக் கூடாது. யாரிடம் போகப் போகிறான் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கல்லூரி ஆட்டமும் தொழில்முறை ஆட்டமும் ஒரே மைதான அளவில் நடந்தாலும் உள்ளே சில விஷயங்கள் வேறு. நான் மதிப்பெண் போடும்போது இதையெல்லாம் கழித்துக்கொள்வேன். மைதானத்தின் நடுவில் இரண்டு வரிசைக் குறுங்கோடுகள் இருக்கும், ஒவ்வொரு பந்தும் அவற்றுக்கு நடுவில்தான் தொடங்கும். கல்லூரியில் அந்த இரண்டு வரிசைக்கும் இடைவெளி 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. அதனால் கல்லூரியில் ஒரு பக்கம் காலி நிலமாகக் கிடக்கும், டிஃபன்ஸ் அதை மூட ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று ஆர்பிஓ. ஓட்டமா, பாஸா என்பதைப் பந்து கைக்கு வந்த பிறகு முடிவெடுக்கும் ஆட்டம். முன்வரிசை ஆட்கள் ஓட்டத்துக்குக் காவல் போகிற மாதிரி முன்னால் போவார்கள், க்வார்ட்டர்பேக் திடீரென்று எறிவார். கல்லூரி விதிப்படி அவர்கள் மூன்று யார்டு வரை முன்னால் போகலாம். என்எஃப்எல்லில் ஒரே யார்டு. மூன்று யார்டு சலுகையில் பிழைத்தவன் ஒரு யார்டில் பிழைப்பானா என்று பார்க்காமல் ஆர்பிஓ பாஸுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

பேச்சும் ஒரு வித்தியாசம். கல்லூரியில் நிறைய அணிகளில் க்வார்ட்டர்பேக் ஓரத்தைத் திரும்பிப் பார்ப்பார், அங்கே ஒருவர் படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டுவார், ஆட்டம் தெரிந்துவிடும். என்எஃப்எல்லில் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளர் ஒரு நீளமான வாக்கியம் சொல்வார், நேரக் கடிகாரத்தில் 15 செகண்டு இருக்கும்போது அந்த ரேடியோ கட் ஆகும். அதற்குள் வாங்கி, பத்துப் பேருக்குத் தெளிவாகச் சொல்லி, எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்துத் தேவைப்பட்டால் மாற்றவும் வேண்டும். கல்லூரிக்கும் 2024-லிருந்து ஹெல்மெட் ரேடியோ வந்துவிட்டது. நல்ல விஷயம்தான், ஆனால் ஆட்டத்தை மாற்றும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்று இப்போதும் தனியாகக் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

டிராஃப்டுக்கு வருகிறவர்களை ஓடவும் குதிக்கவும் எறியவும் விட்டுப் பார்க்க பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. எதிரே ஆளே இல்லாமல், அரைக்கால் சட்டையோடு பந்து எறிவதில் எனக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. டாம் பிரேடி 40 யார்டை ஓட எடுத்துக்கொண்டது 5.28 செகண்டு, 2000-இல் 199-ஆவது ஆளாகப் போனார், என்எஃப்எல்லின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை ஏழு தடவை ஜெயித்தார். 2021-இல் பிஒய்யு பல்கலைக்கழகம் தன் ஆட்டக்காரர்களை அணிகளுக்குக் காட்டிய ப்ரோ டே அன்று ஸாக் வில்சன் இடது பக்கம் ஓடியபடியே உடம்பைத் திருப்பி நெடுந்தூரம் எறிந்த ஒரு பந்தை உலகமே பார்த்தது. இரண்டாவது ஆளாக எடுத்தார்கள். அந்த மாதிரிப் பந்து எறியும் சந்தர்ப்பம் ஒரு சீசனில் எத்தனை தடவை வரும்?

சரி, தோற்ற மேட்ச் என்றேனே, அதற்கு எனக்கு மிகப் பிடித்த சாட்சி சி.ஜே. ஸ்ட்ரௌட். ஒஹையோ ஸ்டேட் க்வார்ட்டர்பேக். சுற்றிலும் அபாரமான ரிசீவர்கள், முன்னால் கோட்டைச் சுவர் மாதிரி காவல். "நெருக்கடி வந்தால் நகர மாட்டான்" என்பதுதான் அவர் மேல் இருந்த ஒரே குறை. 2022 டிசம்பர் 31 ராத்திரி அட்லாண்டாவில் ஜார்ஜியாவோடு ப்ளேஆஃப் அரையிறுதி. நமக்குப் புத்தாண்டு காலை. வாசலில் அம்மா பெரிய கோலமாகப் போட்டுக்கொண்டிருந்தார், நான் உள்ளே காபி ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நாட்டிலேயே கடுமையான டிஃபன்ஸ் துரத்துகிறது, ஸ்ட்ரௌட் வலது பக்கம் ஓடுகிறார், கண் கீழே இறங்கவே இல்லை, ஓடிக்கொண்டே எறிகிறார், பந்து எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம், டச்டவுன். நாலு டச்டவுன் எறிந்தார். கடைசியில் கம்பங்களுக்கு நடுவே உதைக்க வேண்டிய ஃபீல்டு கோல் தவறியது, அங்கே சரியாக நள்ளிரவு, 42-41 என்று ஒரே பாயின்ட்டில் தோல்வி. கொலம்பஸில் இருக்கும் என் சித்தப்பா பையன் அன்றைக்குப் போனில் பேசவே முடியாமல் உட்கார்ந்திருந்தான்.

டிராஃப்டுக்கு முந்தைய வாரங்களில் ஸ்ட்ரௌட் ஏதோ அறிவுத்திறன் சோதனையில் குறைவாக வாங்கினார் என்று செய்தி கசிந்தது. தம்பி கொதித்துப்போனான்.

"அக்கா, ஜார்ஜியா மேட்ச்சைப் பார்த்துட்டு எவனாவது இவனுக்கு ஆட்டம் புரியலைன்னு சொல்லுவானா?"

"சொல்ல மாட்டான்டா. பார்த்திருந்தா சொல்ல மாட்டான்."

இரண்டாவது ஆளாக ஹூஸ்டன் எடுத்தது. முதல் சீசனில் 4,108 யார்டு, 23 டச்டவுன், எதிரணி பறித்த பாஸ், அதாவது இன்டர்செப்ஷன், ஐந்தே ஐந்து, அந்த வருஷத்தின் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது. அதே டிராஃப்டில் நாலாவது ஆளாகப் போன ஆன்டனி ரிச்சர்ட்ஸன் கம்பைனில் நாற்பதரை அங்குலம் உயரம் குதித்து க்வார்ட்டர்பேக்குகளின் சாதனையை உடைத்தவர். கல்லூரியில் அவர் தொடக்க ஆளாக இறங்கியது 13 மேட்ச்தான்.

அந்த 13 என்ற எண் எனக்குப் பயத்தைக் கொடுக்கிறது. 2017-இல் சிகாகோ இரண்டாவது இடத்துக்கு முன்னேறி எடுத்த மிட்ச் ட்ருபிஸ்கி, அவருக்கும் 13 மேட்ச். அதே டிராஃப்டில் பத்தாவதாகப் போன பேட்ரிக் மஹோம்ஸ்தான் பிறகு என்எஃப்எல்லின் மிகப் பெரிய பெயர் ஆனார். 2021-இல் ட்ரே லான்ஸுக்காக ஸான் ஃப்ரான்சிஸ்கோ மூன்று முதல் சுற்று உரிமைகளைக் கொட்டிக் கொடுத்தது. நார்த் டகோட்டா ஸ்டேட்டில் ஒரே முழு சீசன், 28 டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லை, அடுத்த வருஷம் கோவிட் வந்து ஒரே மேட்ச். இரண்டு வருஷம் கழித்து நாலாவது சுற்று உரிமை ஒன்றை வாங்கிக்கொண்டு டல்லஸுக்கு அனுப்பிவிட்டார்கள். லான்ஸ் வந்த அடுத்த வருஷம், டிராஃப்டின் கடைசி ஆளாக 262-ஆவது இடத்தில் அதே அணி எடுத்த ப்ராக் பர்டி அவர்களை சூப்பர் பௌல் வரை கூட்டிப்போனார். பர்டி ஐயோவா ஸ்டேட்டில் நாலு வருஷம் ஆடியவர். நிறைய மேட்ச் ஆடியவனிடம் நிறையத் தோல்வியும் இருக்கும். மதிப்பிட உட்காருகிறவர்களுக்கு அதுதான் சொத்து. கேம் நியூட்டன் மாதிரி ஒரே சீசனில் வந்து நின்றவர்கள் உண்டுதான். ஆனால் அந்த உடம்பு தலைமுறைக்கு ஒன்று.

இந்த வருஷத்துக்கு வருவோம். கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று 2025 ஜூலையிலிருந்து ஆகிவிட்டது. அதனால் அவசரப்பட்டு டிராஃப்டுக்கு வர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆரெகனின் டான்டே மூர், டெக்ஸஸின் ஆர்ச் மேனிங் இருவரும் கல்லூரியிலேயே தங்கிவிட்டார்கள். கூட்டம் மெலிந்துவிட்டது. மிஞ்சியதில் முதல் பெயர் இண்டியானாவின் ஃபெர்னாண்டோ மெண்டோஸா.

2025-இல் அவர் அணி 16-க்கு 16. அங்கே தோற்ற மேட்ச் கிடையாது. கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வேறு, இண்டியானா வரலாற்றிலேயே முதல் தடவை. அதனால் நான் பின்னால் போனேன், அவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த 2024-க்கு. அக்டோபரில் மயாமியோடு ஒரு மேட்ச், நமக்கு ஞாயிறு காலை எட்டு மணி. 35-10 என்று முன்னிலை. அங்கிருந்து 39-38 என்று தோற்றார்கள். எதிரே இருந்த க்வார்ட்டர்பேக் கேம் வார்ட், அடுத்த ஏப்ரலில் முதல் ஆளாக டென்னஸி எடுத்தவர். வார்ட் அன்று செய்தது மகத்தான காரியம். நான் பார்த்தது மெண்டோஸாவை. நாலாவது பகுதியில் காவல் வரிசை சல்லடையாகிவிட்டது. அடி மேல் அடி. அந்த சீசன் முழுக்கவே அவர் புல்லில் புரண்டுகொண்டுதான் இருந்தார். அடி வாங்கிய அடுத்த பந்திலும் பின்வாங்குவது மூன்று தப்படிதான், அவசரம் இல்லை, கண் மேலேயே இருக்கிறது. ஆனால் பந்தைக் கையைவிட்டு அனுப்புவதில் தாமதம் இருந்தது, அரை செகண்டு. அதைக் குறித்துவைத்தேன்.

இண்டியானாவில் அந்த அரை செகண்டு காணாமல் போயிருந்தது. பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டியின் அணியில் ஆர்பிஓ ஏராளம், அதைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கிறேன். எனக்கு நம்பிக்கை வந்தது நவம்பர் 8, பென் ஸ்டேட் மைதானத்தில். நமக்கு மணி இரண்டை நெருங்குகிறது. 24-20 என்று பின்னால் இருக்கிறார்கள், இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு, 80 யார்டு போக வேண்டும், டைம்அவுட் இல்லை. முதல் பந்திலேயே சாக். லட்சம் பேர் கத்துகிறார்கள். எழுந்து, ஆட்களை வரிசைப்படுத்தி, அடுத்த பந்துக்கு நின்றபோது அவருடைய இடது பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியது. நடுவில் ஒரு பாஸ், ஓரத்தில் ஒரு பாஸ், முதல் ஆள் மூடியிருந்தால் தயக்கமில்லாமல் இரண்டாவது ஆள். 36 செகண்டு மிச்சம் இருக்கும்போது எல்லைக்கோட்டுக்கு அப்பால், பின்கோட்டை ஒட்டி, ஓமர் கூப்பர் மட்டும் எட்டிப் பிடிக்கக்கூடிய உயரத்தில் எறிந்தார். கூப்பர் ஒரு கால் விரலைக் கோட்டுக்குள் உரசிவிட்டு வெளியே விழுந்தார். 27-24. பந்தைப் பிடித்தது உலக அதிசயம், எல்லோரும் அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்த்தது சாக்குக்கு அடுத்த பந்தை.

ஜனவரி 20 காலை இறுதிப்போட்டி, அதே மயாமியோடு. உதடு கிழிந்து ரத்தம் வர ஆடினார். நாலாவது டவுனில், அதாவது கடைசி வாய்ப்பில், 12 யார்டு தானே ஓடி, சுழன்று, கோட்டின் மேல் பாய்ந்தார். 27-21. அந்த ஓட்டத்துக்கு நான் மதிப்பெண் கூட்டவில்லை, அவர் வேகமான ஆள் இல்லை, என்எஃப்எல்லில் அது பிழைப்பாகாது. ஆறடி ஐந்தங்குலம் உயரம், குறுகலான இடத்தில் பந்தை ரிசீவரின் பின்தோளுக்குப் போடும் பழக்கம், அடிக்குப் பிறகும் மாறாத கால். இதற்குத்தான் முதல் இடம்.

இரண்டாவது பெயர் அலபாமாவின் டை சிம்ஸன். அப்பா ஜேசன் சிம்ஸன் ஒரு கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளர், பையனுக்கு ஆட்டம் வீட்டிலேயே ஊறியிருக்கிறது, பாதம் இந்தக் கூட்டத்திலேயே அழகானது. மூன்று வருஷம் வரிசையில் காத்திருந்து ஒரே வருஷம் ஆடினார், 15 மேட்ச். ஓக்லஹோமாவுக்கு எதிராக 17-0 பின்னால் இருந்து ப்ளேஆஃப் ஜெயித்தார். அடுத்த மேட்ச் ரோஸ் பௌல், அதே இண்டியானாவிடம் 38-3. நடுவிலேயே விலா எலும்பு அடிபட்டு வெளியே போனார். தம்பியோடு என் சண்டை இதில்தான். பிக் டென் என்ற கல்லூரி லீக்கின் இறுதியில் 13-10 என்று இண்டியானா ஒஹையோ ஸ்டேட்டைத் தோற்கடித்ததிலிருந்து அவனுக்கு மெண்டோஸா பெயரே ஆகாது.

"சிம்ஸன்தான் அக்கா நிஜமான க்வார்ட்டர்பேக். மெண்டோஸாவுக்கு எல்லாத்தையும் சிக்னெட்டி தட்டுல வெச்சுக் குடுத்தாரு."

"காலிஃபோர்னியா டேப்பைப் பார்த்தியா?"

"அத எதுக்குப் பார்க்கணும்?"

"அதைப் பார்த்துட்டு வாடா, அப்புறம் பேசலாம்."

இன்னும் பார்க்கவில்லை அவன். சிம்ஸன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நவம்பருக்குப் பிறகு அவர் ஆட்டம் இறங்கியது. உடம்பு தேய்ந்ததாலா, எதிரணிகள் அவரைப் படித்துவிட்டதாலா என்று 15 மேட்ச்சில் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு வருஷம் ஓரத்தில் உட்காரவைக்கும் அணி கிடைத்தால் எடுக்கலாம். மஹோம்ஸே முதல் வருஷம் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்கார்ந்தவர்தான். உடனே களத்தில் இறக்கும் அணி எடுத்தால் அந்தப் பையனுக்குச் செய்யும் அநியாயம்.

எல்எஸ்யுவின் கேரட் நஸ்மையர் வயிற்றுத் தசைக் காயத்தோடு போன சீசனை ஓட்டியவர். அந்த டேப்பை ஒதுக்கிவிட்டு 2024-ஐப் பாருங்கள். துணிச்சலும் உண்டு, அந்தத் துணிச்சலால் வந்த 12 இன்டர்செப்ஷனும் உண்டு. இரண்டாவது, மூன்றாவது சுற்றில் நல்ல சரக்கு. பென் ஸ்டேட்டின் ட்ரூ ஆலருக்குக் கணுக்கால் முறிவு, கை வலுவானது, இரண்டாவது ஆளைத் தேடும்போது பாதம் நகர்வதே இல்லை. மயாமியின் கார்ஸன் பெக்கிடம் அனுபவம் நிறைய இருக்கிறது, ஆனால் இறுதிப்போட்டியில் அவர் எறிந்த கடைசி பந்து எதிரணி கையில் போனது அவருக்குப் புதிய வியாதி இல்லை.

ரைடர்ஸுக்கு ஒரு விண்ணப்பம். ஜோஷ் ஆலன் வயோமிங்கில் எறிந்ததில் 56 சதவீதம்தான் ரிசீவர் கைக்குப் போனது. முதல் சீசனில் அதுவும் 53-க்குக் கீழே இறங்கியது. பஃபலோ அவரைத் திட்டவில்லை. காவல் வரிசையைக் கட்டினார்கள், ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கி வந்தார்கள், மூன்றாவது சீசனில் 69 சதவீதம். 2024-இல் எம்விபி. மெண்டோஸாவை எடுப்பதானால் சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் இருக்கிற மற்ற உரிமைகளில் முன்வரிசைக் காவலுக்கு ஆள் எடுங்கள். இரண்டாவது, மூன்றாவது சுற்று நமக்குச் சனி காலை 4:30-க்கு, மிச்சம் நாலு சுற்றும் அன்றிரவு ஒன்பதரைக்கு. வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தால் இரண்டாவது சுற்றுக்குச் சரியாக உட்கார்ந்துவிடலாம். அந்தச் சுற்றில் வரும் 36-ஆவது இடத்தில் ரைடர்ஸ் யாருடைய பெயரைச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு முதல் பெயரைவிடப் பெரிய கேள்வி.